மெஷின் உதறிய பாதம்

என் பேர் ஜெய்தூன், எனக்கு எழுபத்திமூன்று வயது. வளர்த்தது நான்கு பேரை. மூன்று நான் பெற்றது. ஒன்று என் தங்கை மவுத்தானபோது கைக்குழந்தையாக என் மடிக்கு வந்தது. நாலு பேருக்கும் சோறு போட்டதில் பாதி, பிள்ளைகளின் அத்தா, என் வீட்டுக்காரர், பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வாங்கிய சம்பளம். மறுபாதி பாலக்கரையில் ஒரு சந்துக்குள் ஓடிய எம்பிராய்டரி மெஷின். அந்த மெஷினை ஓட்டியவள் நான். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் ஒன்றும் கிடையாது.

எழுத்து எனக்கு அவ்வளவாக வராது. கையெழுத்துப் போடுவேன், பஸ் போர்டு படிப்பேன். அதற்கு மேல் என்றால் கண்ணும் போதாது, பொறுமையும் போதாது. அதனால் நான் சொல்லச் சொல்ல என் பேத்தி ஆயிஷா டைப் அடிக்கிறாள். அவள் சென்னையில் சாஃப்ட்வேர் கம்பெனியில் இருக்கிறாள். மருந்துக்கடை, மளிகைக்கடைகளில் பில் போடுகிற சாஃப்ட்வேர் அவர்களுடையது. அது பழைய கம்ப்யூட்டர்களிலும் ஓட வேண்டும் என்று இனிமேல் மெனக்கெட வேண்டுமா, விட்டுவிடலாமா என்று திங்கட்கிழமை கூட்டம் போட்டுக் கை தூக்கி முடிவு செய்யப்போகிறார்களாம். லீவுக்கு வந்தவள் சாப்பிடும்போது இதைச் சொன்னாள். விட்டுவிட வேண்டும் என்பது அவள் கட்சி.

"பழசையும் தூக்கிக்கிட்டே நடந்தா புதுசு எப்ப செய்யறது நன்னிமா? யாரோ ஒருத்தரோட பழைய கம்ப்யூட்டருக்காக நாங்க எல்லாரும் உக்காந்து மண்டையை உடைச்சுக்கறோம். அந்த நேரத்துல எத்தனையோ பேருக்கு ஆகற வேலையைப் பார்க்கலாம்."

நியாயமான பேச்சுதான். ஆனால் நான் சோற்றிலிருந்து கையை எடுத்துவிட்டேன். அந்த யாரோ ஒருத்தர் நான்தானடி என்றேன். என் கதையை எழுதிக்கொண்டுபோய் உங்கள் கூட்டத்தில் வாசி, அப்புறம் எந்தக் கையை வேண்டுமானாலும் தூக்கு என்றேன். லேப்டாப்பைத் திறந்துகொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

நான் முதலில் படித்தது கைவேலை. கட்டையில் துணியை இழுத்துக் கட்டி, ஊசியால் பூப்போடுவது. கல்யாணத்துக்கு முன்பே நன்றாக வரும். கல்யாணமாகி வரகனேரிக்கு வந்த பிறகு வஹாப் பாய் பட்டறையில் சேர்ந்தேன். தாவணி, முக்காட்டுத் துணி, கல்யாண ஜாக்கெட் எல்லாம் அங்கே வரும். கொஞ்ச வருஷம் நூல் வெட்டினேன், கொஞ்ச வருஷம் கையால் பூப்போட்டேன். அப்புறம் ஒருநாள் லாரியில் அந்த மெஷின் வந்து இறங்கியது. ஜப்பானில் யாரோ ஓட்டிவிட்டுத் தள்ளிவிட்டது. வரும்போதே அது கிழவிதான். அதை இறக்குவதற்காகச் சந்தில் ஒரு வீட்டுக்காரர் படிக்கட்டை இடித்துக் கொடுத்தார்.

ஓட்டிக் காட்ட வந்த மெக்கானிக் இரண்டு ஆண்பிள்ளைகளைக் கேட்டார். வஹாப் பாய் என்னையும் ரங்கநாயகியையும் கூப்பிட்டு நிறுத்தினார். ரங்கநாயகி சீரங்கத்துக்காரி. பூக்கட்டுகிற குடும்பம். தினமும் ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் காவிரிப் பாலம் தாண்டி வருவாள். அவளும் என்னைப் போலத்தான், எழுத்து அரைகுறை. பொத்தான்களில் இங்கிலீஷ் எழுத்து. நாங்கள் அதை எழுத்தாகப் படிக்கவில்லை. படம் எடுத்த பாம்பு என்றால் ஓட்டு, கவிழ்த்த கொக்கி என்றால் நிறுத்து. இப்படி எங்களுக்குள் பேர் வைத்துக்கொண்டு ஒரு வாரத்தில் பிடித்துவிட்டோம்.

வேலை எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். டிசைனைக் கம்ப்யூட்டரில் வரைவது வஹாப் பாயின் மகன் ஜாஃபர். கோயமுத்தூரில் அதற்கென்றே படித்துவிட்டு வந்த பிள்ளை. அவர் வரைந்ததைக் கம்ப்யூட்டர் தையலாக மாற்றும். அந்தத் தையலைச் சதுரமாக ஒரு தட்டில் ஏற்றிக் கொடுப்பார். ஃப்ளாப்பி என்பார்கள். உள்ளங்கை அகலம் இருக்கும். அதை நான் மெஷினின் வாயில் சொருகுவேன். கர்ர், கர்ர் என்று கொஞ்ச நேரம் படிக்கும். பிறகு ஒரு டக். அந்த டக் வந்தால் டிசைன் உள்ளே இறங்கிவிட்டது. வராவிட்டால் தட்டை எடுத்துத் துணியால் துடைத்து மறுபடி சொருக வேண்டும்.

தட்டுகள் நூற்றுக்கணக்கில் இருந்தன. ஜாஃபர் எல்லாவற்றிலும் பேர் எழுதித்தான் ஒட்டுவார். படிப்பது யார்? நாங்கள் என்ன செய்தோம் என்றால், ஒவ்வொரு டிசைனையும் முதலில் கழிவுத் துணியில் ஓட்டிப் பார்ப்போம் இல்லையா, அந்தத் துண்டில் கட்டைவிரல் அளவு வெட்டி அந்தத் தட்டின் மேலேயே ஒட்டிவிடுவோம். மாங்காய் டிசைன் தட்டில் ஒரு மாங்காய், மயில் தட்டில் ஒரு மயிலின் கழுத்து. பெட்டியைத் திறந்தால் பூந்தோட்டம் மாதிரி இருக்கும். வருகிற வாடிக்கைக்காரர்கள் கேட்லாக்கைப் பார்க்க மாட்டார்கள், எங்கள் பெட்டியைத்தான் கேட்பார்கள். கண் பார்க்க வேண்டியதுகூட இல்லை, நான் தடவிப் பார்த்தே எடுப்பேன்.

வஹாப் பாயைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் அவர் ஆத்மா, அந்த ரூஹு, என்னை மன்னிக்காது. மெலிந்த மனிதர். குரல் உயராது. ஏதாவது தப்பாகிவிட்டால் தலையில் இருக்கும் தொப்பியைக் கழற்றி மெஷின் மேல் வைத்துவிட்டு, பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொள்வார். அவ்வளவுதான். தொப்பி மெஷின் மேல் இருக்கிறவரைக்கும் யாரும் எதையும் தொடக் கூடாது. யோசித்து முடித்ததும் தொப்பியை எடுத்துப் போட்டுக்கொள்வார், நாங்கள் வேலையைத் தொடங்குவோம். வாடிக்கையாளர் கொடுத்த துணியை ஒருநாளும் அவர் தரையில் வைக்க விட்டதில்லை. அது அமானிதம், அடுத்தவர் நம்பிக் கொடுத்தது என்பார். அந்தப் பட்டறையில் நாங்கள் ஏழு பெண்கள். யாருடைய வீட்டுக் கஷ்டமும் அவருக்குத் தெரியும். தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ள மாட்டார்.

இப்படியே வருஷங்கள் போயின. என் மூத்தவனுக்குக் கல்யாணமாகி இந்த ஆயிஷா பிறந்து, இவள் பட்டறைக்கு வந்து தட்டுப் பெட்டியைக் கலைத்து, அதற்கு நான் முதுகில் ஒன்று வைத்து, எல்லாம் நடந்தது. மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. அதன் இரும்பில் எது தேய்ந்தாலும் பிள்ளைகளின் அத்தா பார்த்துக்கொண்டார். ஒர்க்‌ஷாப்பில் அவருக்குக் கடைசல் வேலை. தேய்ந்த சாமானைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்ப்பார். தெரிந்த லேத் பட்டறைக்குக் கொண்டுபோய் அதே மாதிரி ஒன்று கடைந்து கொண்டுவந்து மாட்டுவார். "கரி இஞ்சின் செஞ்ச கம்பெனியெல்லாம் எப்பவோ போயாச்சு. அதுக்காக நாங்க இஞ்சினை நிறுத்தினோமா?" என்பார். அவர் போன பிறகும் அவர் கடைந்து போட்ட சாமான்கள் அதில் சுற்றிக்கொண்டிருந்தன.

கடைசியில் கெட்டது மெஷின் இல்லை, கம்ப்யூட்டர். ஒரு மழைக்காலத்தில் ஜாஃபருடைய கம்ப்யூட்டர் உயிரை விட்டது. டிசைன் சாஃப்ட்வேர் விற்கும் கம்பெனி ஆள் வந்தார். பழைய பெட்டியை எடுத்துக்கொண்டு புதியதை வைத்தார். அதில் சாஃப்ட்வேரும் புதியது. ஃப்ளாப்பியில் எழுதுவதற்கு வெளியே வால் மாதிரி ஒயரில் ஒரு சின்னப் பெட்டியை மாட்டிவிட்டார். எல்லாம் ஓடும் என்று சொல்லிவிட்டுப் போனார். ஓடவும் செய்தது. பூ, மாங்காய், மயில் எல்லாம் முன்னே போலத்தான் வந்தது. எங்களுக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை.

அப்போதுதான் வரதன் மாமா வந்தார். சீரங்கம் சித்திரை வீதியில் இருப்பவர், கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர்கள் பூர்வீக ஊர்ப் பெருமாளுக்கு இரண்டு வெண்பட்டுக் குடை செய்து கொடுப்பதாக அவர் சம்சாரம் வேண்டிக்கொண்டிருந்தார்களாம். செய்வதற்குள் அந்த அம்மா போய்விட்டார்கள். வருகிற உற்சவத்துக்குக் குடை போய்ச் சேர வேண்டும். குடையைச் சுற்றித் தொங்குகிற பட்டையில் வரிசையாகச் சங்கு, திருமண், சக்கரம். பட்டை அகலம் ஒரு சாண்கூட இல்லை. வரதன் மாமா எங்கள் பெட்டியிலிருந்து திருமண் ஒட்டிய தட்டை அவரே எடுத்தார். அது பெரிய டிசைன், திரைச்சீலைக்குப் போட்டது. இதையே சின்னதாக்கித் தந்துவிடுங்கோ என்று சொல்லி, பட்டுத் துணியை வஹாப் பாய் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

சின்னதாக்குவது ஜாஃபர் வேலை. கம்ப்யூட்டரில் சுருக்கி, தட்டில் ஏற்றிக் கொடுத்தார். நான் கழிவுத் துணியில் ஓட்டினேன். சங்கு வந்தது. சக்கரம் வந்தது. திருமண்ணும் வந்தது. எனக்கு எல்லாம் சரியாகத்தான் பட்டது. நூல் வெட்டக் கையில் எடுத்த ரங்கநாயகி அப்படியே நின்றுவிட்டாள்.

"அக்கா, பாதத்தைக் காணோமே."

"எந்தப் பாதம்?"

"திருமண்ணுக்குப் பாதம். கீழ மூக்கு மேல இறங்குமே, அது." துணியை வஹாப் பாயிடம் நீட்டினாள். "பாய், உங்க மெஷின் கலை மாறிடுச்சு."

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். திருமண்ணில் இரண்டு வகை. ஒன்று புருவத்துக்குக் கீழே ஒரு சின்னப் பாதத்தோடு இறங்கி நிற்கும், அது தென்கலை. இன்னொன்று பாதமில்லாமல் வளைந்து நின்றுவிடும், அது வடகலை. இரண்டும் பெருமாளுக்குத்தான். ஆனால் ஒன்றுக்கு இன்னொன்றை மாற்றிப் போட முடியாது. வரதன் மாமா வீடு தென்கலை, அவர் ஊர்க் கோயிலும் அதுதான். பாதமில்லாத குடையை அவர் அந்த ஊருக்குக் கொண்டுபோனால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள்.

வஹாப் பாய் தொப்பியைக் கழற்றி மெஷின் மேல் வைத்தார்.

ஜாஃபர் நாள் முழுக்க உட்கார்ந்து காரணத்தைக் கண்டுபிடித்தார். டிசைனைச் சுருக்கும்போது பாதத்தின் தையல்கள் மிகவும் குட்டையாகிவிடுகின்றன. புது சாஃப்ட்வேர் குட்டைத் தையலைக் குப்பை என்று நினைக்கிறது. புது மெஷினுக்கு எழுதும்போது, இதை எடுத்துவிடட்டுமா, வைக்கட்டுமா என்று ஒரு வார்த்தை கேட்கிறது. எங்கள் மெஷின் போன்ற பழசுக்கு எழுதும்போது அந்தக் கேள்வியையே எடுத்துவிட்டார்கள். கேட்காமல் உதறிவிடுகிறது. பழைய சாஃப்ட்வேரைத் திரும்பப் போட்டால் சரியாகும். அதைப் போட்டுப் பார்த்தார். கம்பெனி அதற்குப் பூட்டுப் போட்டுவிட்டது, திறக்கவில்லை.

கம்பெனிக்குப் போன் போட்டார். எல்லாரும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் வைத்தார். ஒரு பெண் பேசினாள். மரியாதையான பெண். அந்த மாடலுக்கு சப்போர்ட் நிறுத்தியாகிவிட்டது என்றாள். ஜாஃபர் இங்கிலீஷில் ஏதேதோ கேட்டார், அதே பதிலைத்தான் சொன்னாள். நான் போனைக் கையில் வாங்கினேன்.

"ஏம்மா, ஓடுற மெஷினுக்கு எதுக்கு நிறுத்தினீங்க?"

"இப்ப அந்த மெஷின் யாருமே ஓட்டலைன்னு நினைச்சோம் மேடம்."

"நான் ஓட்டறேனே."

"நோட் பண்ணிக்கிறேன் மேடம்" என்றாள்.

வஹாப் பாய் பட்டுத் துணியை மடித்து வெள்ளைத் துணியில் சுற்றினார். செய்ய முடியாததைக் கையில் வைத்துக்கொண்டிருக்கக் கூடாது, கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம் என்றார். பிறகு எங்களைப் பார்க்காமல் இன்னொன்றும் சொன்னார். இந்த வேலை திரும்பிப் போனால் மெஷினையும் கொடுத்துவிடப் போவதாகச் சொன்னார். இன்றைக்குப் பாதத்தை விட்டது, நாளைக்கு எதை விடும் என்று தெரியாமல் ஊரார் துணியை வாங்க அவருக்கு மனசில்லை. மெஷின் போனால் ஏழு பேரும் போக வேண்டியதுதான். என் கடைசிப் பெண்ணுக்கு அப்போது மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தோம். ரங்கநாயகிக்கு அவள் சம்பளம் ஒன்றுதான்.

ரங்கநாயகிதான் முதலில் வாயைத் திறந்தாள். "என்னக்கா பாக்கறீங்க? உங்க கை செத்தா போச்சு?"

நான் ஊசியும் கட்டையும் எடுத்து எவ்வளவோ வருஷமாகியிருந்தது. ஆனாலும் அவள் கேட்ட விதம் எனக்குப் பிடிக்கவில்லை. "செத்துச்சா இல்லையான்னு காட்டறேன், துணியைக் கொடு" என்றேன்.

சங்கு, சக்கரம், பாதம் போக மீதித் திருமண் எல்லாம் மெஷின் போடட்டும், பாதம் மட்டும் கையால் போடுவது என்று வஹாப் பாயிடம் கேட்டேன். ஜாஃபரும் நல்ல யோசனை சொன்னார். மெஷினில் ஓடும் அதே கண்டிலிருந்து நூல் எடுத்தால்தான் வெளுப்பு ஒன்றாக இருக்கும், பாதம் வர வேண்டிய இடத்தில் மெஷினையே ஒரு புள்ளி மட்டும் குத்த வைக்கிறேன் என்றார். வஹாப் பாய் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார்.

கை கால் கழுவிக்கொண்டு உட்கார்ந்தேன். யார் சாமித் துணியாக இருந்தாலும் அப்படித்தான். ரங்கநாயகி சாக்பீஸ் துண்டால் அளவு போட்டுக் கொடுத்தாள். முதலில் போட்டதைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"இதென்னக்கா, குதிகால் மாதிரி இருக்கு? தாமரை இதழ் மாதிரி இறங்கணும்."

"உங்க பெருமாளை நீதான பக்கத்துல இருந்து பாத்திருக்கே. சரியா வரைஞ்சு கொடு."

பிரித்தேன். மறுபடி போட்டேன். அதையும் பிரித்தேன். மெஷின் தையலுக்கு ஒரே இறுக்கம். கைத்தையலுக்கு மூச்சு இருக்கும், ஏறி இறங்கும். மெஷினுக்குப் பக்கத்தில் கை உட்கார வேண்டுமானால், மூச்சைப் பிடித்துக்கொண்டு அதே இறுக்கத்தில் இழுக்க வேண்டும். அது பிடிபட ஒரு பொழுது ஆயிற்று. பிடிபட்ட பிறகு கை தானாக ஓடியது. மெஷினை ரங்கநாயகி பார்த்துக்கொண்டாள். மற்ற பெண்கள் என் வேலையையும் சேர்த்துச் செய்தார்கள். யாரும் என்னைக் கூப்பிடவில்லை. டீகூடப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்கள். இரண்டு குடைக்கும் சுற்றுப் பட்டை முழுக்கப் பாதங்கள். எத்தனை என்று நான் எண்ணவில்லை. எண்ணினால் கை நின்றுவிடும்.

வாங்கிப்போக வரதன் மாமா வந்தார். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பட்டையைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். முன்பக்கத்தில் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். பின்பக்கம் பொய் சொல்லாது, கை முடிச்சுப் போட்ட இடம் தெரியும்.

"இந்த இடம் மட்டும் கைவேலைன்னா இது?"

வஹாப் பாய் மறைக்கிறவர் இல்லை. நடந்ததைச் சொன்னார். மெஷின் பாதத்தை விட்டுவிட்டது, ஜெய்தூன் உட்கார்ந்து போட்டாள், உங்களுக்குக் குறையாகப் பட்டால் பிரித்துவிடுகிறோம் என்றார். வரதன் மாமா பட்டையின் ஓரத்தைத் தடவிக்கொண்டே இருந்தார். நான் நின்றுகொண்டிருந்தேன்.

"பாதம் கையால தொடற இடம்மா" என்றார் என்னைப் பார்த்து. "என் ஆத்துக்காரி இருந்திருந்தா உங்க கையைப் பிடிச்சுண்டிருப்பா."

ரங்கநாயகி மூக்கை உறிஞ்சினாள், நான் அவளைப் பார்க்கவில்லை.

இதோடு நிறுத்தினால் கதை நன்றாகத்தான் இருக்கும். ஆயிஷாவும் நிறுத்தச் சொல்கிறாள். ஆனால் மீதியும் நடந்தது. குடை போயிற்று, மெஷின் பிழைத்தது. எவ்வளவு காலம்? அடுத்த நோன்புப் பெருநாள் வரைக்கும். பொடி எழுத்து வேண்டும் என்று கேட்டவர்களைத் திருப்பி அனுப்பினோம். ஜாக்கெட்டில் சின்னச் சின்னப் புள்ளி கேட்டவர்களையும் அனுப்பினோம். எல்லாவற்றுக்கும் நான் கையை வைக்க முடியுமா? பிறகு ஒருநாள் புது சாஃப்ட்வேர் தன்னைத் தானே இன்னும் புதுசாக்கிக்கொண்டது. அதில் எங்கள் மெஷின் பேரே இல்லை. ஜாஃபர் மேலும் கீழும் தேடினார். தட்டுகளில் இருந்த பழைய டிசைன்களை மட்டும் கொஞ்சநாள் ஓட்டினோம். புதிதாக ஒன்றும் செய்ய முடியவில்லை. போட்டதையே போட்டால் யார் வருவார்கள்?

இரும்புக்கடை ஆள் வந்தபோது நான் மெஷினைத் துடைத்து, எண்ணெய் விட்டு, ஒருமுறை ஓட்டிக் காட்டினேன். அவருக்கு ஆச்சரியம்.

"நல்லா ஓடுதேம்மா. என்ன ரிப்பேரு?"

"ரிப்பேர் ஒண்ணும் இல்லைங்க" என்றேன். "இதுகிட்ட பேசறதுக்கு ஆள் இல்லை."

நாலு பேர் சேர்ந்து லாரியில் ஏற்றினார்கள். வஹாப் பாய் வாசலுக்கு வரவில்லை. மூன்று பெண்கள் சமயபுரம் பக்கம் ஒரு ரெடிமேட் கம்பெனிக்குப் போனார்கள். ரங்கநாயகி குடும்பத் தொழிலுக்கே போய்விட்டாள், பூக்கட்டுகிறாள். நான் வீட்டில் உட்கார்ந்தேன். தட்டுப் பெட்டி மட்டும் என்னிடம் இருக்கிறது. எந்த மெஷினும் அதைப் படிக்காது. நான் படிப்பேன்.

இனி ஆயிஷாவின் கம்பெனிக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியது. பழசைக் கடைசிவரை சுமந்துகொண்டே இருங்கள் என்று நான் கேட்கவில்லை. மனுஷருக்கே ரிடையர்மெண்ட் உண்டு, எனக்கும் வந்தது. உங்களுக்குக் கை குறைவு, வேலை நிறைய, அதுவும் தெரிகிறது. ஆனால் நிறுத்துவதற்கு ஒரு முறை இருக்கிறது. யாருமே ஓட்டவில்லை என்று நீங்களாக நினைத்துக்கொள்ளாதீர்கள், போய்க் கேளுங்கள். பாலக்கரையில் ஒரு சந்தில் எவளாவது ஓட்டிக்கொண்டிருப்பாள். நிறுத்தப் போகிறோம் என்று முன்கூட்டிச் சொல்லுங்கள். இன்னும் ஒன்று, எனக்கு அதுதான் பெரிது. இரும்பு தேய்ந்தபோது இந்தப் பிள்ளைகளின் அத்தாவால் கடைந்து போட முடிந்தது, ஏனென்றால் இரும்பு கையில் இருந்தது. சாஃப்ட்வேரில் ஒரு பல் தேய்ந்தால் பொன்மலையே திரண்டு வந்தாலும் கடைய முடியாது. நீங்கள் பூட்டி வைத்திருக்கிறீர்கள். உங்களுக்கு வேண்டாம் என்றால் போங்கள், பூட்டைத் திறந்துவிட்டுப் போங்கள். யாராவது ஒரு ஜாஃபர் உட்கார்ந்து கடைந்துகொள்வார். உங்களுக்கு அதில் என்ன நஷ்டம்?

இவள் டைப் அடிப்பதை நிறுத்திவிட்டாள். கம்பெனியில் இதுவரை இந்தப் பேச்சை யாரும் பேசவில்லையா என்று கேட்டேன். "இல்லை நன்னிமா. வைக்கலாமா, எடுக்கலாமான்னுதான் பேசினோம். திறந்து விடலாமான்னு யாரும் கேக்கலை" என்றாள். கேட்பதற்குத்தான் உன்னை அங்கே உட்கார்த்தி வைத்திருக்கிறேன் என்றேன்.

போதும் ஆயிஷா. இப்போ மேலேயிருந்து வாசி. இங்கிலீஷ்ல மாத்தி வாசிக்காதே, எழுதினபடியே வாசி. மெஷின் கலை மாறிடுச்சுன்னு ரங்கநாயகி சொல்ற இடத்துல சிரிக்காம வாசி. அவ சிரிச்சுக்கிட்டுச் சொல்லலை, பயந்துதான் சொன்னா.